ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) விசாரணையில் போட்ட பவுன் கணக்கைச் சொல்லலாமா? (அக்கா மகள் மரணம்)

மேட்டுக்காடு (ஞாயிறு இரவு)

என் அக்கா மகள் போன திங்கட்கிழமை இறந்துவிட்டாள். இருபத்து நான்கு வயது. கல்யாணமாகிப் பதினாறு மாதம். நான்கு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. கணவன் வீட்டு மாடி அறையில் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஃபோன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உடலை இறக்கி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கல்யாணத்துக்கு நாற்பத்தைந்து பவுன் போட்டோம். மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள், பித்தளைப் பாத்திரம் முதல் பீரோ வரை சீர். பிரசவத்துக்கு வந்தவளைத் திரும்ப அழைத்துப்போக அவர்கள் வரவில்லை. கடையை விரிவாக்க ஐந்து லட்சம் வேண்டும் என்றார்கள். அக்கா தன் சங்கிலியையும் வளையலையும் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, இரண்டு லட்சத்தைக் கையில் கொடுத்து, குழந்தையோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் இது நடந்தது.

நாளை மறுநாள் கோட்டாட்சியர் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர், "பவுன் கணக்கைச் சொன்னால் கொடுத்தவனுக்கும் ஐந்து வருடம் ஜெயில், வாயைத் திறக்காதே" என்று மச்சானை மிரட்டி வைத்திருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடலை வாங்கிக்கொண்டு போகும் அவசரத்தில் காவல் நிலையத்தில் நீட்டிய தாளில் மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகள் சாவில் யார் மீதும் சந்தேகம் இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். அவர் அன்றைக்கு எதையும் படிக்கிற நிலையில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இருவர் நேற்று வந்து, குழந்தையின் எதிர்காலத்தை நினைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

என்ன சொல்வது, என்ன சொல்லக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வக்காலத்து (திங்கள் காலை)

தம்பி, உங்கள் அக்காவையும் மச்சானையும் நினைத்து மனம் கனக்கிறது. விசாரணைக்கு ஒரு நாள்தான் இருப்பதால் நேராகப் பதிலுக்கு வருகிறேன். முப்பது வருடமாக அமர்வு நீதிமன்றத்தில் இந்த வழக்குகளை இரண்டு பக்கமும் நின்று நடத்தியிருக்கிறேன்.

பவுன் கணக்கை முழுதாகச் சொல்லுங்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் குறைந்தது ஐந்து ஆண்டு என்று சொல்வது உண்மைதான். உங்கள் உறவுக்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஏழாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடரக் கூடாது என்கிறது. மகளைப் பறிகொடுத்துப் புகார் சொல்ல வந்த தாய் தகப்பனை, "நீயும் கொடுத்தாயே" என்று கூண்டில் ஏற்றியதை என் அனுபவத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்தப் பயத்தைக் கிளப்புகிறவர் யார் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, இறப்பதற்குச் சற்று முன்பு கணவனோ அவன் உறவினரோ வரதட்சணைக்காக அவளைக் கொடுமைப்படுத்தியிருந்தால் அது வரதட்சணை மரணம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 80ஆம் பிரிவு. தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, அதிகம் ஆயுள். அவளே தூக்குப் போட்டுக்கொண்டாளா, யாராவது மாட்டினார்களா என்பதை நிரூபிக்க வேண்டிய பாரம் இந்தப் பிரிவில் உங்கள் மேல் இல்லை. தற்கொலை என்றே முடிவானாலும் இது பொருந்தும். பலர் இது தெரியாமல், "தற்கொலை என்று எழுதிவிட்டார்கள், எல்லாம் போயிற்று" என்று சோர்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் காட்ட வேண்டியது அந்தச் "சற்று முன்பு" என்பதைத்தான். அதைக் காட்டிவிட்டால் சாவுக்கு அவர்களே காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்தாக வேண்டும். இல்லை என்று மறுத்து நிரூபிப்பது அவர்கள் பாடு. அதைக் காட்டாவிட்டால் அனுமானமே எழாது. 2016இல் பைஜ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களை, விடுவித்தது. ஏழு ஆண்டுக்குள் இறந்தாள் என்பது மட்டும் போதாது.

சற்று முன்பு என்றால் எத்தனை நாள்? சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. அதற்கு "உடனடியாக முன்பு" என்று பொருள் இல்லை, கொடுமைக்கும் சாவுக்கும் நடுவில் அறுபடாத தொடர்பு இருக்க வேண்டும் என்று 2021 மே மாதம் சத்பீர் சிங் வழக்கில் சொன்னார்கள். உங்களிடம் பத்தொன்பது நாள் கணக்கு இருக்கிறது. அடகு ரசீதில் தேதி இருக்கும். அந்த ரசீதை எடுத்து வையுங்கள்.

கடைக்குக் கேட்ட பணம் வரதட்சணையா என்று எதிர்த்தரப்பு கேட்கும். 2007இல் அப்பாசாகேப் வழக்கில், வீட்டுச் செலவுக்கும் உரம் வாங்கவும் கேட்ட பணம் வரதட்சணை ஆகாது என்று ஒரு தீர்ப்பு வந்து பல வழக்குகளைக் கவிழ்த்தது. 2015இல் ராஜிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அது சரியல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். 2022 ஜனவரியில் ஜோகேந்திரா வழக்கில், வீடு கட்டக் கேட்ட பணமும் வரதட்சணையே என்றார்கள். ஆகவே அந்த ஐந்து லட்சம்தான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. யார் கேட்டது, எங்கே வைத்து, என்ன வார்த்தையில், யார் உடனிருந்தார்கள் என்று இன்றிரவே உட்கார்ந்து நினைவுபடுத்துங்கள்.

வளைகாப்புச் சீர், தலை தீபாவளிச் சீர் இவற்றை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். பிள்ளைப் பேறு முதலிய சடங்குகளில் வழக்கமாகச் செய்வது வரதட்சணையில் சேராது என்று 2001இல் சத்வீர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிக் கோட்டாட்சியரிடம் நீங்களே முதலில் வாய் திறங்கள். எப்போது, எந்த நிலையில், யார் நீட்டினார்கள் என்று மச்சான் சொல்லட்டும். நாமே சொன்னால் அது விளக்கம். பின்னால் அவர்கள் வெளியே எடுத்தால் அது முரண்பாடு.

பணி ஓய்வு (திங்கள் மதியம்)

வக்கீல் ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் மகளிர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது நான் பயிற்சியில் இருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண் எப்போதாவது எந்தக் காவல் நிலையத்துக்காவது போனாளா? உங்களுக்குத் தெரியாமல் போயிருந்தாலும் விசாரியுங்கள். நாங்கள் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிய பெண்கள் ஆயிரம் பேர். அப்படி அனுப்பியதில் சில முகங்கள் இன்றும் எனக்குத் தூக்கத்தில் வருகின்றன. அந்தச் சின்ன ரசீது, அவள் உயிரோடு இருக்கும்போதே, தன் வாயால், தேதியோடு சொன்ன வார்த்தை. செத்த பிறகு நாம் நூறு பேர் சொல்வதைவிட அது கனம்.

மாவட்ட சமூக நல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அலுவலர். அவருக்கு மனு எழுதியிருந்தாலும் தேடுங்கள்.

மேட்டுக்காடு (திங்கள் இரவு)

அம்மா, நீங்கள் கேட்ட பிறகு அக்காவிடம் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். ஆறு மாதக் கர்ப்பத்தில் பிள்ளை தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறாள். சி.எஸ்.ஆர். போட்டிருக்கிறார்கள். இனிமேல் இப்படி நடக்காது என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று அக்கா எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

இரவுப்பணி (செவ்வாய் அதிகாலை)

இன்றைக்கு விசாரணைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டில் பதினோரு வருடம் செவிலியாக இருந்தேன். உங்கள் வழக்குக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை. ஆனாலும் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எண்பது சதவீதம் வெந்து வரும் பெண்ணுக்கு முதல் சில மணி நேரம் நல்ல நினைவு இருக்கும். தெளிவாகப் பேசுவாள், தண்ணீர் கேட்பாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்களா என்று கேட்பாள். வீட்டாருக்கு அது நம்பிக்கை தரும். எங்களுக்குத் தெரியும், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்ன ஆகும் என்று. அந்தச் சில மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் வந்து மரண வாக்குமூலம் பதிய வேண்டும்.

நடுவர் வரும்போது எல்லோரையும் வெளியே அனுப்புவார். அவர் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் யார் கட்டிலருகே நின்றது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. மாமியார் குனிந்து காதில் என்னவோ சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, "ஸ்டவ் வெடித்தது, என் தவறு" என்று அந்தப் பெண் சொல்வாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள் வேறு என்ன சொல்வாள்? கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் எந்த ஸ்டவ் வெடித்தது என்று நான் கேட்க முடியாது. ஒருமுறை கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, என் பசங்க" என்றாள். அவ்வளவுதான்.

அப்படிக் கொடுத்த வாக்குமூலத்தை மீறி வழக்கு ஜெயிப்பது மிகக் கடினம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

வக்காலத்து (செவ்வாய் காலை)

மரண வாக்குமூலம் ஒன்று மட்டுமே போதும், நம்பத் தகுந்ததாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை என்பதுதான் சட்டம். சுயநினைவோடு இருந்தாள் என்ற டாக்டர் சான்று இல்லாவிட்டாலும், பதிவு செய்தவர் அதை உறுதி செய்தால் ஏற்கலாம் என்று 2002இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. இத்தனை வலிமை இருப்பதால்தான், அது தவறாகப் பதிவானால் அத்தனை சேதம்.

பொன்னி (செவ்வாய் காலை)

எல்லோரும் ரசீது, பிரிவு எண் என்று பேசுகிறீர்கள். எனக்கு ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. ஆறு மாதக் கர்ப்பிணி தனியாகப் பஸ் ஏறிக் காவல் நிலையம் போயிருக்கிறாள். பணம் கொடுத்தால்தான் கூட்டிப்போவோம் என்று சொன்ன வீட்டுக்கு, பணத்தையும் கொடுத்து, குழந்தையையும் கொடுத்து, அவளையும் அனுப்பினீர்கள். ஏன்? எனக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். என் அம்மாவும் இப்போதே, "எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அனுசரித்துப் போக வேண்டும்" என்று பாடம் எடுக்கிறாள். நான் திரும்பி வந்தால் கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காவது எதிரி (செவ்வாய் மதியம்)

நான் எழுதுவது பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுத வேண்டும்.

என் தம்பி மனைவி இறந்தபோது நான் நானூறு கிலோமீட்டர் தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போவேன். புகாரில் என் பெயரும் என் கணவர் பெயரும் இருந்தன. "எல்லோரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்" என்று ஒரே வரி. இருபத்தேழு நாள் சிறையில் இருந்தேன். என் மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. பிறகு உயர் நீதிமன்றம் என் மீதான வழக்கை ரத்து செய்தது. தம்பி மீதான வழக்கு நடந்தது. அவன் குற்றவாளியா என்று என்னைக் கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். அவன் அவளை அடிப்பான் என்று எனக்குத் தெரியும். கீழ் நீதிமன்றம் அவனை விடுவித்துவிட்டது. ஆறு பேரைப் பற்றி ஒரே மாதிரி சொன்ன சாட்சிகளில் யாரைப் பற்றிச் சொன்னது நிஜம் என்று பிரிக்க முடியவில்லை என்று தீர்ப்பில் இருந்தது.

மேட்டுக்காடு அண்ணா, புகாரில் யார் யார் பெயரைச் சொல்லப் போகிறீர்கள்?

மேட்டுக்காடு (செவ்வாய் மதியம்)

அவன், அவன் அப்பா அம்மா, அண்ணன், அண்ணன் மனைவி, கோயம்புத்தூரில் இருக்கிற அக்கா, அவள் கணவன். ஏழு பேர். ஒருத்தரையும் விடப்போவதில்லை. எங்கள் பிள்ளை சாம்பலாகிவிட்டாள். நீங்கள் இருபத்தேழு நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

நான்காவது எதிரி (செவ்வாய் மதியம்)

உங்கள் கோபம் நியாயம். நான் கேட்டது என் நாட்களுக்காக அல்ல. அந்தப் பெண்ணுக்கு நீதி கிடைக்காமல் போனதற்கு என் பெயரும் ஒரு காரணம் என்பதால் கேட்டேன்.

வக்காலத்து (செவ்வாய் பிற்பகல்)

அந்த அம்மா சொல்வதைக் காதில் வாங்குங்கள். 2022இல் ககாஷான் கௌசர் வழக்கில், யார் என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லாமல் மொத்தக் குடும்பத்தையும் இழுக்கும் பொதுக் குற்றச்சாட்டுகளைத் தொடர விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் கண்ணால் கண்டது, மகள் தன் வாயால் சொன்னது, இவ்விரண்டை மட்டும் அக்கா சொல்லட்டும். கோயம்புத்தூர் அக்கா ஐந்து லட்சம் கேட்டாளா? கேட்டாள் என்றால் எந்தத் தேதி, ஃபோனிலா நேரிலா? பதில் இல்லை என்றால் அந்தப் பெயர் வேண்டாம். குறுக்கு விசாரணையில் முதலில் அந்தப் பெயரைத்தான் பிடிப்பார்கள். அந்த ஒரு பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு மீதி உண்மையை எல்லாம் அடிப்பார்கள். நானே அப்படி அடித்திருக்கிறேன்.

நேரம் ஆகிறது, கிளம்புங்கள்.

பழைய தாள் (செவ்வாய் இரவு)

அண்ணன் விசாரணை முடிந்து வருவதற்குள், இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று இளையவர்களுக்காக எழுதுகிறேன். எண்பதுகளில் தில்லியில் வேலை பார்த்தவன் நான்.

சத்யா ராணி சத்தா என்ற தாய். 1979இல் அவருடைய கர்ப்பிணி மகள் புகுந்த வீட்டில் தீக்காயத்தில் இறந்தாள். அப்போது வரதட்சணை மரணம் என்றொரு குற்றமே சட்டப் புத்தகத்தில் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்துக்கு "ஈடாக"க் கொடுப்பதைத்தான் வரதட்சணை என்றது. தாலி கட்டி முடிந்த பிறகு கேட்டது எப்படித் திருமணத்துக்கு ஈடாகும் என்று வாதாடித் தப்பித்தார்கள். மகளைப் பறிகொடுத்த பெண்கள் ஒன்றுகூடி அந்தந்த வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டங்களை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். 1983இல், மனைவியைக் கணவன் வீட்டார் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498-ஏ வந்தது. அடுத்த வருடம் "ஈடாக" என்ற சொல் போய், திருமணம் "தொடர்பாக" என்று வந்தது. 1986இல் 304-பி. இன்றைக்கு வக்கீல் ஐயா சொல்லும் ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் அந்தத் தெருக்கூட்டங்கள் இருக்கின்றன.

சத்யா ராணி தன் மகள் வழக்கை விடவில்லை. மருமகன் மீதான தண்டனையை 2013இல்தான் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. முப்பத்து நான்கு வருடம். அவன் தலைமறைவாகிவிட்டான். மறு வருடம் அந்த அம்மா இறந்துபோனார்.

வக்கீல் ஐயா சொன்ன சத்பீர் சிங் வழக்கிலும் அந்தப் பெண் இறந்தது 1995இல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2021இல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் 6,450 வரதட்சணை மரண வழக்குகள். ஒரு நாளைக்குப் பதினேழு பேருக்கு மேல். பெரும்பகுதி உத்தரப் பிரதேசமும் பிகாரும். தமிழ்நாட்டின் எண்ணிக்கை சில பத்துகள்தான். அதைப் பார்த்து நாம் நிம்மதி அடையக் கூடாது என்பது என் கருத்து. இங்கே இத்தகைய சாவுகள் பலவற்றில் வழக்கு தற்கொலைக்குத் தூண்டுதல் என்ற பிரிவில் நின்றுவிடுகிறது. அப்படி நிற்பவை அந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை.

பணி ஓய்வு (செவ்வாய் இரவு)

உண்மை. தூண்டுதல் பிரிவில் பத்து ஆண்டு வரை என்று இருக்கிறதே தவிரக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. ஏழு ஆண்டு நிச்சயம் என்பது வரதட்சணை மரணத்தில்தான். குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதைக் கடைசி வரை கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

மேட்டுக்காடு (புதன் காலை)

போய் வந்தோம். அக்கா இரண்டரை மணி நேரம் பேசினாள். கோட்டாட்சியர் இடையில் நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பவுன், பைக், ஐந்து லட்சம், அடகு ரசீது, சி.எஸ்.ஆர். எல்லாம் கொடுத்தோம். தாளில் கையெழுத்து வாங்கியதை மச்சான் சொன்னார். மூன்று பேர் பெயரை மட்டும் சொன்னோம். கோயம்புத்தூர் அக்கா எதுவும் கேட்டதில்லை. வளைகாப்புக்கு வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். அதையும் அக்காவே சொன்னாள்.

நான்காவது எதிரி அம்மா, நேற்று எழுதியதற்கு மன்னியுங்கள்.

பொன்னி, உன் கேள்விக்கு ராத்திரி முழுக்கப் பதில் யோசித்தேன். ஏன் அனுப்பினோம்? கல்யாணமாகி ஒரு வருடத்தில் பெண் வீட்டோடு வந்துவிட்டாள் என்றால் அடுத்தவளுக்கு வரன் வராது என்று பயந்தோம். அவளுக்குத் தங்கை இருக்கிறாள். பணம் கொடுத்தால் கொஞ்ச நாள் சும்மா இருப்பார்கள், குழந்தை முகம் பார்த்து மாறுவான் என்று நம்பினோம். அவள் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. கார் கிளம்பும்போது, "மாமா, ஃபோன் பண்ணினால் எடுங்கள்" என்றாள். அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வேறு பதில் என்னிடம் இல்லை, அம்மா.

பொன்னி (புதன் காலை)

அண்ணா, இந்தப் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

வக்காலத்து (புதன் மதியம்)

ஃபோன் என்றதும் ஞாபகம் வருகிறது. அவள் தங்கைக்கோ தோழிக்கோ குரல் பதிவு, வாட்ஸ்அப் செய்தி ஏதாவது அனுப்பியிருந்தால் அந்தக் கைபேசியை அப்படியே பத்திரமாக வையுங்கள். வேறு ஃபோனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றின் நகலைக் கொடுத்தால் அதற்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் நீதிமன்றம் அதை ஏற்காது. கொல்லத்தில் ஓர் ஆயுர்வேத மருத்துவ மாணவி 2021 ஜூனில் இறந்த வழக்கில், அவள் தந்தையிடம் அழுத ஃபோன் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. பதினோரு மாதத்தில் கணவனுக்குப் பத்து ஆண்டு தண்டனை. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் 2025இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து அவனை வெளியே விட்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன், தீர்ப்பு வந்ததோடு முடிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அவிநாசியில் 2025இல் இறந்த பெண் தந்தைக்கு அனுப்பிய குரல் பதிவுகளை ஊரே கேட்டது; அந்த வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றி மேலே பேச மாட்டேன்.

நகையும் சீரும் அவளுடைய சொத்து. ஏழு ஆண்டுக்குள் இப்படி இறந்தால் அது அவள் குழந்தைக்குச் சேர வேண்டும் என்கிறது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்கிறார்களே, இந்தக் குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்கள் கேட்பது நீங்கள் நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியாக வேண்டும், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான். அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

மேட்டுக்காடு (நான்கு மாதம் கழித்து)

அவ்வப்போது சிலர் தனிச்செய்தியில் விசாரிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். சந்தேக மரணம் என்று பதிந்த வழக்கைக் கோட்டாட்சியர் அறிக்கைக்குப் பிறகு பி.என்.எஸ். 80 (வரதட்சணை மரணம்), 85 (கணவன் வீட்டார் கொடுமை) என்று மாற்றினார்கள். அவனும் அவன் பெற்றோரும் கைதானார்கள். எண்பத்தாறாம் நாள் குற்றப்பத்திரிகை போட்டார்கள். தொண்ணூறு தாண்டினால் கேட்டதும் ஜாமீன் கிடைத்துவிடும் என்று பணி ஓய்வு அம்மா சொல்லி வைத்ததால், எழுபதாம் நாளிலிருந்து நான் டி.எஸ்.பி. அலுவலக வாசலில் போய் நின்றேன். அந்த மாமியாருக்கு முன்பே ஜாமீன் கிடைத்துவிட்டது. குழந்தை இப்போது அக்காவிடம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வழக்கு. தவழ்கிறாள்.

மேட்டுக்காடு (ஒரு வருடம் கழித்து)

நேற்று மகளிர் நீதிமன்றத்தில் அக்கா கூண்டில் ஏறினாள். முதல் சாட்சி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது பொன்னி கேட்ட அதே கேள்விதான். இத்தனை கொடுமை நடந்தது என்றால் ஏன் திருப்பி அனுப்பினீர்கள், அப்படியானால் கொடுமை என்பதே பொய்தானே என்றார். வக்காலத்து ஐயா இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். "பயந்துகொண்டுதான் அனுப்பினேன் ஐயா, எங்கள் மேல்தான் தப்பு. ஆனால் பணம் கேட்டது அவர்கள்" என்று அக்கா சொன்னாள். நீதிபதி அதை அப்படியே எழுதச் சொன்னார்.

மச்சான் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றியும் கேட்டார்கள். கோட்டாட்சியரிடம் சொன்ன பக்கத்தை அரசு வக்கீல் எடுத்துக் காட்டினார், மேலே போகவில்லை.

இன்னும் பத்தொன்பது சாட்சிகள் இருக்கிறார்கள். அடுத்த வாய்தா வரும் பதினெட்டாம் தேதி. கூட்டுறவு வங்கி மேலாளர் அடகுப் பதிவேட்டோடு வர வேண்டும். அவருக்குச் சம்மன் போய்ச் சேர்ந்ததா என்று நாளைக் காலையில் போய்ப் பார்க்கப் போகிறேன்.